பஸ்காப் பண்டிகை

உலகிலுள்ள விழாக்களுட் பல, காலத்தின் மாறுதலால் தம் பழங்கருத்தை இழந்து, புத்தாடையும் நல்லுணவுமாக மட்டும் எஞ்சி நிற்கின்றன. உணவையே ஏடாகக் கொண்டு, தன் பழங்கருத்தை ஆண்டுதோறும் மக்கள் நெஞ்சிற் புதிதாக எழுதிவரும் விழாவும் ஒன்றுண்டு. அதுவே யூத மக்கள் கொண்டாடும் பஸ்காப் பண்டிகையாகும். திருமறை ஓதும் நம்மிற் பலர்க்கு இப்பெயர் இளமை முதலே பழகியதொன்று. ஆயினும், அதனைப் பழைய ஏற்பாட்டோடு முடிந்துபோன செய்தியாகவும், ஆண்டவரது இராப்போஜனத்திற்கு முன்னடையாளமாகவும் எண்ணுவதல்லது, இன்றும் வாழும் ஒரு சமூகத்தார் தம் இல்லந்தோறும் நிகழ்த்தும் விழாவாக நோக்குவார் சிலரே. அங்ஙனம் நோக்குதற்கு ஒரு சிறு துணையாக இக்கட்டுரை எழுதப்படுகின்றது.

பெயரும் வரலாறும்

'பஸ்கா' என்பது தமிழ்ச்சொல் அன்று. எபிரேய மொழியிற் 'பெசாக்' என வழங்கும் சொல், அரமேய மொழியிற் 'பஸ்கா' என நின்று, கிரேக்கத்தின் வாயிலாக மேனாட்டு மொழிகள் பலவற்றுட் புகுந்து, வேதாகமத்தை மொழிபெயர்த்தாரால் தமிழிலும் இடம்பெற்றது. கத்தோலிக்கத் தமிழர் ஆண்டவர் உயிர்த்தெழுந்த திருநாளையே பாஸ்கா என வழங்குதலும் ஈண்டு நினைக்கத்தக்கது. 'கடந்து செல்லுதல்' என்பது இச்சொற்குப் பெரும்பான்மையோர் கூறும் பொருள்; 'காத்து நிற்றல்' எனப் பொருள் கொள்ளும் அறிஞரும் உளர்.

பெயர்க்குக் காரணமான வரலாறு யாத்திராகமத்தின் பன்னிரண்டாம் அதிகாரத்திற் காணப்படுவது. எகிப்து நாட்டிற் செங்கல் அறுத்தும் சுமை சுமந்தும் அடிமைப்பட்டிருந்த இஸ்ரவேலரை விடுவிக்குமாறு மோசே பார்வோனிடம் கேட்க, அவன் மறுக்க, வாதைகள் ஒன்றன்பின் ஒன்றாய் நாட்டை வருத்தின. பத்தாவதாகிய தலைப்பிள்ளைகளின் சாவு நிகழ்ந்த இரவில், ஆட்டுக்குட்டியின் இரத்தம் பூசப்பட்ட வாயில்களை அழிவு கடந்து சென்றது. அன்றிரவே இஸ்ரவேலர் புறப்பட்டனர். பிசைந்த மா புளிப்பதற்கும் பொழுதின்மையால், புளியாத அப்பத்தையே வழியுணவாகக் கொண்டனர். இரத்தம், ஆடு, அப்பம், விரைவு என்னும் இந்நான்கனுள் ஆடும் இரத்தமும் காலப்போக்கில் நீங்க, அப்பமும் விரைவும் நிலைத்து நின்றமையே இப்பண்டிகையின் பிற்கால வரலாறு எனலாம்.

காலம்

நிசான் மாதம் பதினான்காம் நாள் மாலையிற் பண்டிகை தொடங்குகின்றது. யூதர்க்கு நாள் என்பது சூரியன் மறைந்தவுடன் பிறப்பது; ஆதலின் விருந்து நிகழும் இரவு பதினைந்தாம் நாளைச் சார்ந்ததாம். அவர் மாதம் மதியின் வளர்வு தேய்வுகளை ஒட்டியது. மதியாண்டு கதிராண்டினும் ஏறத்தாழப் பதினொரு நாள் குறைந்ததாகலின், அதனை அவ்வாறே விட்டுவிடின் பண்டிகை பருவந்தோறும் நழுவிச் செல்லும். திருமறையோ அது வேனிலின் தொடக்கத்தில், கதிர் முற்றுங் காலத்தில் நிகழவேண்டுமென விதிக்கின்றது. அது நோக்கிப் 19 ஆண்டுகட்கு ஏழு முறை ஒரு மாதத்தை மிகுதியாகச் சேர்த்துக் கணக்கை நேர்செய்வர். அதனாற் பஸ்கா எப்பொழுதும் மார்ச்சு, ஏப்பிரில் மாதங்களில், முழுமதி நாளை ஒட்டியே வரும்.

இஸ்ரேல் நாட்டில் இவ்விழா ஏழு நாள். அயல்நாடுகளில் வைதிக ஒழுக்கமுடையார்க்கு எட்டு நாள். பண்டைக்காலத்தில் எருசலேமிற் பிறை கண்டார் கூற்றைக் கேட்டே மாதப்பிறப்பு உறுதி செய்யப்பட்டது. அச்செய்தி சேய்மையிலுள்ளார்க்கு உரிய காலத்திற் சென்று சேராமையும் கூடுமாதலின், ஐயம் நீங்க அவர் ஒரு நாளைக் கூட்டிக் கொண்டாடினர். கணக்கு நிலைபெற்ற பின்னரும் முன்னோர் வழக்கம் மாறவில்லை.

புளித்த மாவை நீக்குதல்

பண்டிகைக்கு முன்னர் நிகழும் ஆயத்தமே பெரியதொரு வேலை. கோதுமை, வாற்கோதுமை, ஓட்ஸ், ரை, ஸ்பெல்ட் என்னும் ஐவகைத் தானியங்களின் மா நீரோடு கலந்து புளித்ததாயின் அது 'ஹாமெட்ஸ்' எனப்படும். பண்டிகை நாள்களில் அதனை உண்ணலும் ஆகாது. உடைமையாக வைத்திருத்தலும் ஆகாது. ஆகவே பல நாள் முன்னதாகவே வீட்டின் மூலைமுடுக்கெல்லாம் துடைத்துக் கழுவப்படும். ஆண்டு முழுதும் ஆண்ட கலங்களை அகற்றிப் பஸ்காவுக்கென்றே காத்து வைத்த கலங்களை எடுப்பர். சிலவற்றைக் கொதிநீரிலிட்டுத் தூய்மை செய்வர். பண்டிகையின் முன்னிரவில் தலைவன் மெழுகுவர்த்தியின் ஒளியில், ஓர் இறகும் மரக்கரண்டியும் கொண்டு, வீடு முழுதும் தேடுவான். தேடுதல் வீணாகாதபடி பத்து அப்பத் துணுக்குகளை முன்னரே ஆங்காங்கு வைத்திருத்தலும், பிள்ளைகள் அவற்றைக் கண்டு ஆரவாரித்தலும் பல வீடுகளில் உள்ள வழக்கம். அகப்பட்டனவற்றை மறுநாட் காலையில் எரித்துவிடுவர். கண்ணிற்படாது எஞ்சியது மண்ணின் தூசிக்கு ஒப்பாகுக என வாயாற் கூறி உரிமையை விடுவர். பெருஞ்சரக்கு வைத்திருக்கும் வணிகர் முதலாயினார், அதனை யூதரல்லாத ஒருவர்க்கு முறைப்படி பத்திரம் எழுதி விற்று, பண்டிகை முடிந்தபின் மீட்டுக் கொள்வர்.

இனி, அரிசி ஹாமெட்ஸ் ஆகுமோ எனின், மூலச்சட்டத்தின்படி ஆகாது. ஆயினும் ஐரோப்பாவின் வடபகுதியில் வாழ்ந்த அஷ்கெனாசி யூதர், கோதுமை கலந்துவிடுமோ என்னும் அச்சத்தால், அரிசி, பருப்பு, அவரை முதலியவற்றையும் இடைக்காலந் தொட்டு விலக்கினர். ஸ்பெயின் மரபினரும் கீழைநாட்டு யூதரிற் பலரும் அரிசியை விலக்கவில்லை. ஒரு மணியும் கோதுமை கலவாதபடி மும்முறை பொறுக்கிச் சமைப்பர். அமெரிக்காவிலுள்ள கன்சர்வேடிவ் பிரிவினரது சட்டக்குழு, 2015ஆம் ஆண்டில், அஷ்கெனாசி மரபினரும் இவற்றை உண்ணலாமென இசைந்தது. வைதிக அஷ்கெனாசியர் இன்றும் பழைய விலக்கையே போற்றுகின்றனர்.

அரிசி பொறுக்கும் இவ்வழக்கம் நமக்கு அண்மையிலுள்ள கொச்சியிலும் இருந்தது. அங்குப் பன்னூறு ஆண்டு வாழ்ந்த யூதர், பஸ்காவுக்குரிய அரிசியையும் சம்பாரங்களையும் நெடுநாள் முன்னரே புடைத்துப் பொறுக்கித் தனியே காப்பர். அவர் காட்டிய எச்சரிக்கை பெரிதெனப் பெயர்பெற்றது. 1948இல் இஸ்ரேல் நாடு தோன்றிய பின்னர் அவருட் பெரும்பாலார் அங்குக் குடியேறினர். மட்டாஞ்சேரியில் 1568இல் எழுப்பப்பட்ட பரதேசி ஜெபாலயம் இன்றும் நிற்கின்றது.

புளியாத அப்பம்

'மட்சா' எனப்படும் புளியாத அப்பம் மாவும் நீருமே கொண்டது. உப்பும் எண்ணெயும் அதிற் சேரா. நீர்பட்ட மா 18 நிமிடத்திற்கு மேற் செயலற்றுக் கிடப்பின் புளிப்புத் தொடங்கும் என்பது யூதச் சட்டநூலார் துணிபு. அதனால் நீர் வார்த்தது முதல் அடுப்பினின்றும் எடுப்பது ஈறாக யாவும் அவ்வெல்லைக்குள் முடிக்கப்படும். முதல்நாள் மாலையில் முகந்து ஓரிரவு குளிரவைத்த நீரையே கொள்வர். ஒருவர் நீர் வார்க்க, ஒருவர் பிசைய, பலர் தேய்க்க, ஒருவர் உப்பாதபடி துளையிட, அடுப்பின்முன் நிற்பவர் நீண்ட கோலால் அதனை உள்ளே செலுத்துவர். மிக்க விழிப்புடையார், அறுவடை நாள் முதலே நீர் படாது காக்கப்பட்ட கோதுமையால் ஆகிய அப்பத்தையே முதலிரவில் உண்பர்.

1838இல் அல்சாஸ் நாட்டில் மட்சா செய்யும் பொறி ஒன்று தோன்றியது. அதனாற் செய்த அப்பம் ஏற்புடைத்தோ அன்றோ என 1859 முதல் யூத அறிஞரிடையே கடும்போர் மூண்டது. பொறியின் இடுக்குகளில் மாத் தங்கிப் புளிக்கும் என்றனர் ஒரு சாரார். மனிதர் கையினும் பொறியே விரைவும் தூய்மையும் உடையது என்றனர் மறுசாரார். எதிர்த்தவருள் ஒருவராகிய பிரோடி நகரத்துச் சாலொமோன் குலூகர், மற்றொரு காரணமும் காட்டினார். ஏழைப் பெண்களும் கைம்பெண்களும் அப்பஞ் சுடும் கூலியாலேயே பண்டிகைச் செலவைத் தேடுகின்றனர். பொறி வரின் அவர் பிழைப்புப் போகும் என்பதே அது. விடுதலை விழாவின் அப்பம் வறியவர் வாயில் மண்ணாகலாகாது என்னும் இக்கவலை, இப்பண்டிகையின் உள்ளத்தை நன்கு காட்டுகின்றது. பஸ்காவுக்கு முன்னர் ஏழையர்க்குக் கோதுமைப் பணம் தண்டி வழங்குதலும் பண்டு தொட்டு வரும் அறமாகும்.

இரவு விருந்து

பண்டிகையின் முதலிரவு விருந்துக்குச் 'செதர்' என்று பெயர். 'ஒழுங்கு' என்பது அதன் பொருள். பெயர்க்கேற்ப, பதினைந்து உறுப்புக்களாகப் பகுக்கப்பட்ட ஒழுங்கு அதற்குண்டு. அதனை நடத்துதற்குரிய நூல் 'ஹகாதா' எனப்படும். 'சொல்லுதல்' என்பது அதன் பொருள்.

மேசைமீது மூன்று மட்சாக்கள் துணியால் மூடப்பட்டிருக்கும். அருகிலுள்ள தட்டில், பழைய பலியை நினைப்பிக்கும் சுட்ட எலும்பு ஒன்றும், கோயிலிற் படைத்த பண்டிகைப் பலியைக் குறிக்கும் முட்டை ஒன்றும், அடிமை வாழ்வின் கைப்பை உணர்த்தும் கசப்புக் கீரையும், வேறொரு பசுங்கீரையும், செங்கலுக்குக் குழைத்த சேற்றைக் குறிக்கும் 'ஹரோசெத்' என்னும் இனிய குழம்பும் இருக்கும். இக்குழம்பை ஐரோப்பிய யூதர் ஆப்பிள், கொட்டை, இலவங்கப்பட்டை, திராட்சரசம் ஆகியவற்றாற் செய்வர்; ஈராக்கு நாட்டு மரபினர் பேரீச்சம் பாகோடு கொட்டைகளைச் சேர்ப்பர். உப்புநீர்க் கிண்ணம் ஒன்றும் உண்டு, அது கண்ணீர்.

விருந்தினர் நான்கு முறை திராட்சரசம் பருகல் வேண்டும். பருகும்போதும் அப்பம் உண்ணும்போதும் இடப்பக்கம் சாய்ந்திருப்பர். கிரேக்கரும் ரோமரும் ஆண்ட காலத்தில், சாய்ந்து உண்ணல் உரிமை மக்களது விருந்து முறை. நின்றுகொண்டு விரைந்து உண்ணல் அடிமைகட்குரியது. ஏறத்தாழக் கி.பி. 200இல் தொகுக்கப்பெற்ற 'மிஷ்னா' என்னும் சட்டநூல், மிக வறியவனும் அன்றிரவு சாய்ந்தே உண்ணல் வேண்டுமென்றும், அறச்சாலையிற் பிச்சை பெறுவானுக்கும் நான்கு கிண்ணத்திற் குறையாது கொடுத்தல் வேண்டுமென்றும் விதிக்கின்றது. ஓரிரவேனும் அடிமை என ஒருவனும் வீட்டில் இருத்தலாகாது என்பதே கருத்துப் போலும்.

முதற் கிண்ணம் வாழ்த்தப்பட்ட பின்னர்க் கீரையை உப்புநீரில் தோய்த்து உண்பர். நடுவிலுள்ள மட்சாவை இரண்டாக ஒடித்துப் பெரிய பகுதியை ஒளித்து வைப்பர். அப்பால் பசித்தார் யாவரும் வந்து உண்ணுமாறு அரமேய மொழியில் அழைப்பு விடுக்கப்படும். கற்றோர்க்கே உரிய எபிரேயம் விடுத்து, அக்காலத்துப் பொதுமக்கள் பேசிய மொழியில் அவ்வழைப்பு அமைந்தமை, ஏழையரும் அதனை உணர்தற்பொருட்டு என்று கூறுவர்.

இதன்பின்னரே செதரின் உயிர்நிலை வருகின்றது. அவையிலுள்ள இளைய பிள்ளை எழுந்து வினாக் கேட்கின்றது. மற்ற இரவுகளினும் இவ்விரவு வேறுபட்டது யாதுபற்றி? புளியாத அப்பத்தையே உண்பது ஏன்? கசப்புக் கீரை ஏன்? இருமுறை தோய்ப்பது ஏன்? சாய்ந்திருப்பது ஏன்? மிஷ்னாவிற் சாய்தலைப் பற்றிய வினா இல்லை. அதற்கு ஈடாகச் சுட்ட இறைச்சியையே உண்பது ஏன் என்னும் வினா உளது. கோயில் அழிந்து பலி ஒழிந்தபின் அவ்வினா வழக்கொழிந்தது. குழந்தையின் வாய்ச்சொல்லிலும் ஒரு சமூகத்தின் இழப்புப் பதிந்து கிடத்தலை இதனாற் காண்கின்றோம்.

வினாவுக்கு விடையாகத் தந்தை எகிப்தினின்று புறப்பட்ட வரலாற்றைக் கூறத் தொடங்குகின்றான். அறிவுடைய மகன், தீய மகன், எளிய மகன், கேட்கவும் அறியாத மகன் என நால்வகைப் பிள்ளைகள் ஹகாதாவிற் கூறப்படுகின்றனர். ஒவ்வொருவர்க்கும் அவரவர் நிலைக்கேற்ற விடை உண்டு. கேட்க அறியாதவனுக்குத் தந்தையே முற்பட்டுச் சொல்லல் வேண்டும். தீயவனையும் மேசையினின்று எழுப்பிவிடவில்லை என்பது கருதத்தக்கது. ஒவ்வொரு தலைமுறையினரும் தாமே எகிப்தினின்று வெளிவந்ததாகத் தம்மைக் கருதல் வேண்டும் என்பது இப்பகுதியின் முடிபு. முன்னோர் வரலாறாக மட்டும் அதனைக் கேட்டுச் செல்லுதல் போதாது.

பத்து வாதைகளின் பெயரைச் சொல்லும்போது, ஒவ்வொரு பெயர்க்கும் ஒரு துளி இரசத்தைக் கிண்ணத்தினின்று எடுத்து விடுவர். பகைவராயினும் அவரும் மனிதர். அவர் துன்புற்றவிடத்து நம் மகிழ்ச்சிக் கிண்ணம் நிறைந்திருத்தல் தகாது என்பது இக்காலத்திற் பலரும் இதற்குக் கூறும் விளக்கம். முதனாளில் முழுமையாகப் பாடப்படும் துதிச்சங்கீதங்கள் இறுதி நாள்களிற் குறைத்துப் பாடப்படுகின்றன. எகிப்தியர் கடலில் அமிழ்ந்த நாளில் முழுத்துதி பாடலாகாது என அதற்கும் ஒரு காரணம் கூறுவர்.

அப்பமும் கசப்புக் கீரையும் உண்டு, பின் அவ்விரண்டையும் சேர்த்து, கோயில் இருந்த காலத்தில் ஹில்லேல் என்னும் பேராசிரியர் உண்ட முறையில் ஒருமுறை உண்பர். விருந்து முடிந்ததும், ஒளித்து வைத்த மட்சாத் துண்டைப் பிள்ளைகள் தேடிக் கொணர்வர். அதனை உண்டாலன்றிச் செதர் நிறைவுறாது. ஆகவே பிள்ளைகள் பரிசு பெற்றே அதனைக் கொடுப்பர். இரவு நெடிதாயினும் இளையோர் உறங்காமைக்கு இவ்விளையாட்டு நல்லதோர் உபாயம். பின்னர் எலியா தீர்க்கதரிசிக்கெனக் கிண்ணம் ஒன்றை நிரப்பி, வீட்டின் கதவைத் திறந்து வைப்பர். துதிகள் பாடி, அடுத்த ஆண்டு எருசலேமிற் கூடும் விருப்பத்தைச் சொல்லி முடிப்பர்.

கோயிலினின்று இல்லத்திற்கு

எருசலேமிற் கோயில் இருந்த நாளிற் பஸ்கா பெருங்கூட்ட விழாவாய் இருந்தது. ஒரு பண்டிகையில் இரண்டரை இலட்சத்திற்கு மேற்பட்ட ஆடுகள் பலியிடப்பட்டன என யோசேபஸ் எழுதுகின்றார். மிகையெனக் கழிப்பினும் கூட்டத்தின் பெருமை புலனாகும். கி.பி. 70இல் ரோமர் அக்கோயிலை அழித்தனர். பலிபீடத்தோடு பண்டிகையும் மறைந்திருத்தல் கூடும். மறையாது காத்தவர் சட்ட ஆசிரியர்கள். அவர் பலிபீடத்தின் இடத்தில் வீட்டு மேசையையும், ஆசாரியன் இடத்தில் தந்தையையும், பலியின் இடத்தில் வரலாற்றையும் வைத்தனர். ஆட்டுப்பலி இன்றும் நிகழ்வது சமாரியரிடத்தே. மிகச் சிறு தொகையினராகிய அவர் கெரிசீம் மலையில் ஆண்டுதோறும் அதனை நிகழ்த்துகின்றனர்.

ஆண்டவர் தம் சீடரோடு உண்ட இறுதி உணவு பஸ்கா விருந்தே என முதன் மூன்று சுவிசேஷங்களும் கூறுகின்றன. யோவான் சுவிசேஷமோ அது பண்டிகைக்கு முந்தியது எனக் காட்டுகின்றது. எங்ஙனமாயினும், இன்று யூதர் நிகழ்த்தும் செதரின் ஒழுங்கு பெரும்பாலும் கோயில் அழிந்தபின் உருப்பெற்றது. ஆகலின், இன்றைய செதரின் ஒவ்வோர் உறுப்பையும் அவ்விரவில் நிகழ்ந்ததாகக் கோடல் பொருந்தாது. இரண்டும் ஒரு வேரினின்று கிளைத்த இரு கிளைகள் எனக் கொள்ளுதலே நேரிது. கி.பி. 325இல் நிசேயாவிற் கூடிய சங்கம், ஈஸ்டர் நாளை யூதர் கணக்கை நோக்காது கணிக்குமாறு முடிவு செய்தபின், கிளைகள் பின்னும் அகன்றன.

பண்டிகையும் பழியும்

அகன்றமையோடு நின்றிருப்பின் நன்றாயிருக்கும். 1144இல் இங்கிலாந்தில் நாரிச் நகரத்துச் சிறுவன் ஒருவன் இறக்க, பின்னர் அவ்விறப்பு யூதர்மேற் சுமத்தப்பட்டது. 1235இல் ஜெர்மனியிலுள்ள புல்டாவில் அப்பழி, யூதர் கிறிஸ்தவப் பிள்ளைகளின் குருதியைக் கொள்கின்றனர் என உருமாறியது. நாளடைவில் அது பஸ்கா அப்பத்தோடு இணைக்கப்பட்டது. எவ்வுயிரின் இரத்தத்தையும் உண்ணலாகாதென விலக்கி, இறைச்சியை உப்பிட்டு உதிரம் வடித்து உண்ணும் மக்கள்மேல் இப்பழி! 1247இலேயே போப்பு நான்காம் இன்னொசென்டு இதனைப் பொய்யெனக் கண்டித்தார். ஆயினும் 1475இல் இத்தாலியின் திரெந்து நகரில் ஒரு குழந்தையின் சாவை முன்னிட்டு யூதர் பலர் வதைக்கப்பட்டுக் கொல்லப்பட்டனர். அக்குழந்தைக்குச் செய்யப்பட்டு வந்த வணக்கத்தைக் கத்தோலிக்கத் திருச்சபை 1965இல் நீக்கியது. 1903இல் கிஷினேவ் நகரில் இப்பழியே மீண்டும் பரவ, ஈஸ்டர் ஞாயிறன்று தொடங்கிய கலகத்தில் 49 யூதர் மாண்டனர். ஈஸ்டர் மணியோசை அவர்க்கு அச்சத்தின் ஓசையாயிற்று. செந்நிற இரசமே பஸ்காவுக்குச் சிறந்ததாயினும், இப்பழிக்கு அஞ்சி வெண்ணிற இரசத்தைக் கொள்ளுமாறு பதினேழாம் நூற்றாண்டில் போலந்து நாட்டு ஆசிரியர் தாவீது ஹலேவி எழுதினார். எலியாவுக்குக் கதவு திறக்கும் இரவில், கதவுக்கு வெளியே யார் நிற்கின்றனரோ என அஞ்சி வாழ்ந்தனர் அம்மக்கள்.

1943ஆம் ஆண்டு ஏப்பிரில் 19ஆம் நாள், பஸ்காவின் முன்னாள், வார்சா நகரில் அடைக்கப்பட்டிருந்த யூதரை அழித்தற்கு நாஜிப் படை புகுந்தது. அவர் எதிர்த்துப் போர் தொடங்கினர். 1944இல் பெர்கன்-பெல்சன் சிறைமுகாமில் மட்சா கிடையாது. கிடைத்ததெல்லாம் புளித்த அப்பமே. அங்கிருந்த யூத குருமார், உயிரைக் காத்தலும் இறைவன் கட்டளையே எனத் துணிந்து, புளித்த அப்பத்தை உண்ணுமுன் சொல்லுதற்கென ஒரு மன்றாட்டை இயற்றினர். கட்டளையை மீறும்போதும் கட்டளையை மறவாத அவர் நெஞ்சை எண்ணுந்தோறும் நம் நெஞ்சு நடுங்குகின்றது.

பழி கூறினார் இருந்ததுபோலவே துணை நின்றாரும் இருந்தனர். ஏறத்தாழ 1350இல் ஸ்பெயினில் எழுதப்பட்ட ஓவியஞ் செறிந்த ஹகாதா ஒன்று, சராயேவோ நகரத்து அருங்காட்சியகத்தில் உள்ளது. இரண்டாம் உலகப்போரில் நாஜியர் அதனைக் கவர முயன்றபோது, அங்கு நூலகராயிருந்த முஸ்லிம் அறிஞர் தெர்விஷ் கோர்குத் என்பார் அதனை மறைத்துக் காத்தார். அதன் ஏடுகளிற் பண்டைச் செதர்களில் சிந்திய திராட்சரசத்தின் கறை இன்றும் காணப்படுகின்றது.

நீங்கள் அந்நியராய் இருந்தமையால் அந்நியரை ஒடுக்காதீர் எனப் பொருள்படும் கட்டளை, எகிப்து வரலாற்றினின்றே திருமறையிற் பிறக்கின்றது. ஆதலின் பஸ்கா வெற்றியைப் பாராட்டும் விழா மாத்திரம் அன்று; அடிமை வாழ்வின் கைப்பை மறவாமைக்கு நாவிற் கீரை வைக்கும் விழாவாகும். இராப்போஜனப் பந்தியில் அமரும் நாமும், அப்பந்தி எம்மேசையினின்று வந்தது என்பதையும், அம்மேசையைச் சூழ்ந்திருந்தார்க்கு நம் சமயத்தின் பெயரால் இழைக்கப்பட்டது யாது என்பதையும் அறிந்திருத்தல் கடனாகும். இவற்றைப் பிள்ளைகள் நம்மிடத்து வினவுவாராயின், மறையாது விடைகூறுதலும் அக்கடனைச் சார்ந்ததே.